துண்டுச் சீட்டிலிருந்து விசாத் தாள் வரை

சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையே உள்ள மல்லசமுத்திரம் உழவும் நெசவும் ஒருங்கே வாழும் பேரூர். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலத்திற்குச் சுற்றுப்புறத்து உழவர்கள் மூட்டைகளுடன் இங்கே வந்து கூடுகிறார்கள். தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிகளின் ஓசை இடைவிடாது கேட்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு அருகில் இருப்பதால், வண்டியோடு வடமாநிலங்களுக்குச் சென்று, அங்கிருந்து ஆப்பிரிக்க நாடுகள் வரை போய் வந்தவர்களையும் இப்பகுதியில் காணலாம். அயல்நாடு என்பது இம்மக்களுக்குப் புதுச்சொல் அன்று.

சில காலத்திற்கு முன் இவ்வூரில் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவர் எட்டுத் தறிகள் வைத்து நடத்துபவர். பொறியியல் முடித்த அவருடைய மகனுக்கு வளைகுடா நாடு ஒன்றில் பணி கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கைந்து தாள்களை எடுத்து வந்து, படித்துச் சொல்லுமாறு நம்மிடம் கொடுத்தார். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, தங்குமிடம், ஊர் திரும்ப விமானச் சீட்டு ஆகிய அனைத்தும் அதில் ஒழுங்காகவே இருந்தன. ஒவ்வொன்றாக விளக்கினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பின் அவர் ஒன்று கேட்டார்:

"ஏனுங்க, அங்க போயி அந்த வேல ஒத்துவரலீன்னா, பையன் வேற கம்பெனிக்கு மாறிக்கலாமுங்களா?"

தாள்களை மீண்டும் புரட்டினோம். அவற்றில் விடை இல்லை. நமக்கும் தெரியவில்லை. வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. தமிழர் கடல் கடந்து வேலைக்குச் சென்ற வரலாற்றை எடுத்துப் படிக்கப் படிக்க, ஒன்றரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக நம் மக்கள் கேட்டு வந்த கேள்வியும் இதுவே என்பது புலனாயிற்று. போகலாமா என்பதற்கு அரசுகள் பலவாறு விடை கூறியுள்ளன. போன இடத்தில் எசமானை மாற்றிக்கொள்ளலாமா என்பதற்குத்தான் விடை எளிதில் கிடைப்பதில்லை.

தர்பனில் ஒரு தமிழர்

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் தொகுதியினர் அதில் இருந்தனர். 1911இல் அந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' என்று திரிந்து, அவர்களின் வாழ்வுக்கே பெயராயிற்று.

1894ஆம் ஆண்டில், தர்பனில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியடிகளின் அலுவலகத்திற்கு ஒரு தமிழர் வந்தார். அவர் பெயர் பாலசுந்தரம். ஆடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலிருந்து குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி நடுங்கி நின்றார். அவருடைய எசமானர் அடித்த அடி அது. அலுவலகத்தில் எழுத்தராயிருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்க்க, காந்தியடிகள் செய்தியை அறிந்துகொண்டார். ஐரோப்பியர் முன் செல்லும் கூலி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். அதைக் கண்டு மனம் நொந்த காந்தியடிகள், அவரை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ளச் செய்தார் என்பதும் அவருடைய தன்வரலாற்றில் பதிவாகியுள்ளது.

அடுத்து நிகழ்ந்ததே நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. சாதாரண வேலைக்காரர் ஒருவர் சொல்லாமல் வேலையை விட்டால், எசமானர் உரிமையியல் மன்றத்தில் வழக்குத் தொடரலாம், அவ்வளவே. ஒப்பந்தக் கூலி விட்டுச் சென்றாலோ அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ஆதலால் அடித்தவரைத் தண்டித்தால் மட்டும் பாலசுந்தரத்திற்கு விடுதலை கிடைத்துவிடாது; வழக்கு முடிந்ததும் அதே வாசலுக்குத்தான் அவர் திரும்ப வேண்டும். காந்தியடிகள் இதை உணர்ந்து, தண்டனையைவிட மாற்றத்தையே நாடினார். கூலிகளின் நலனுக்கென அமைந்த 'காப்பாளர்' என்னும் அதிகாரி ஒப்பந்தத்தை நீக்கலாம், அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். இந்தியர் எவரும் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள அன்று இசைவில்லை. எனவே அடிகளே வேறோர் ஐரோப்பியரைத் தேடிப் பிடித்தார். குற்றவியல் நடுவர் பழைய எசமானரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க, ஒப்பந்தமும் கைமாறியது. செய்தி பரவியதும் அவரது அலுவலகத்திற்குக் கூலிகள் திரளாக வரத் தொடங்கினர்.

பாலசுந்தரம் பெற்றது விடுதலை என்று கூட முழுமையாகச் சொல்ல இயலாது. ஓர் எசமானரிடமிருந்து இன்னோர் எசமானரிடம் செல்லும் வாய்ப்பு மட்டுமே அது. அந்தச் சிறு வாய்ப்பைப் பெறவே ஒரு வழக்கறிஞரும், ஒரு நடுவரும், ஓர் அரசு அதிகாரியும், நல்ல மனம் கொண்ட ஓர் ஐரோப்பியரும் தேவைப்பட்டனர்.

ஒப்பந்தம் முடிந்தபின் தன்விருப்பப்படி வாழ நினைத்தவருக்கும் தடை வந்தது. மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் தாயகம் திரும்பாமலும் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டாலில் சட்டம் செய்தனர். மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் ஈட்டியவருக்கு மூன்று பவுன் என்பது பல மாதக் கூலி. 1913ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்கும் சத்தியாக்கிரகத்திற்கும் பின்னரே, 1914இல் அவ்வரி நீங்கியது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1917இல் நிறுத்தப்பட்டது.

'துண்டு' என்னும் சொல்

கடல் கடந்து தொலைவு செல்லாமல், பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் கதை வேறு வடிவினது. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. சட்டப்படி அவர்கள் தடையற்ற தொழிலாளர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பது ஏட்டில் இருந்த விதி. நடைமுறையில் அவர்களைக் கட்டிவைத்தது கடன்.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களின் ஊர்களுக்குக் கங்காணி வருவார். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், உறவினராகவும் இருப்பார். ஊரில் உள்ள சில்லறைக் கடனை அடைக்கவும், வழிச் செலவுக்கும் முன்பணம் கொடுப்பார். தோட்டத்தைச் சேர்ந்ததும் அது கூலியின் பெயரில் கடனாக ஏறும். ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்த இலங்கைத் தோட்டத் துரைமார் 1904இல் ஒரு தொழிலாளர் ஆணையத்தை நிறுவி, அதன் தலைமையகத்தைத் திருச்சிராப்பள்ளியில் அமைத்தனர் என்றால், நம் காவிரிச் சமவெளி அவர்களுக்கு எவ்வளவு வேண்டியதாய் இருந்தது என்பது விளங்கும். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் துளையிட்ட தகர வில்லை ஒன்று பயணத்தின்போது கூலியின் கழுத்தில் தொங்கியது.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குப் போக விரும்பினால் என்ன செய்வது? அதற்காக எழுந்ததே 'துண்டு'. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு தொகை கடன்பட்டிருக்கிறார்கள். அத்தொகையைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிக்க இசைகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. நம் தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயர் தம் அறிக்கைகளில் எடுத்தாண்டனர். புதிய துரை பணத்தைக் கட்டுவார், ஆட்கள் கைமாறுவர், கடனும் கூடவே கைமாறும். தோட்டங்களுக்கிடையே போட்டி மிகுந்த காலங்களில் துண்டில் எழுதிய தொகையும் ஏறிக்கொண்டே போயிற்று. அத்தொகை எவ்வளவு என்பதைக்கூட அறியாமல் அதைத் தலையில் சுமந்தவர் கொழுந்து பறித்த பெண்ணும் கவ்வாத்து வெட்டிய ஆணும்தாம். கடுமையான கண்டனங்களுக்குப் பின், 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேட்டாலில் சிறைத் தண்டனை செய்த வேலையை இலங்கையில் கடன் செய்தது. ஒன்றில் காவலர் தேவைப்பட்டனர். மற்றொன்றில் கணக்கேடே போதுமானதாயிற்று.

எழுத்தரும் கூலியும்

அதே காலத்தில், வேறு வகைத் தமிழர் சிலரும் கடல் கடந்தனர். யாழ்ப்பாணத்தின் மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயா அரசு தன் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் எழுத்தர், நிலையத் தலைவர், தொழில்நுட்ப உதவியாளர் பணிகளுக்குச் சேர்த்துக்கொண்டது. இன்று திறன்மிகு வல்லுநரை அயல்நாடுகள் அழைப்பதாகச் சொல்கிறோமே, அதற்கு நம் மொழியினரிடையே கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. அவர்கள் கழுத்தில் தகரம் தொங்கவில்லை. அவர்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. மலாயாவின் இரப்பர்த் தோட்டத்துத் தமிழரும் அதே இரயிலில்தான் சென்றனர். ஆனால் இருவரும் வெவ்வேறு சட்ட உலகங்களில் வாழ்ந்தனர்.

இந்த வேறுபாட்டை இந்திய அரசின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் எழுத்தில் நிலைநாட்டியது. திறன் வேண்டாத வேலைக்காக இந்தியாவை விட்டுச் செல்வது, அரசு அறிவித்த நாடுகளுக்கு அன்றிச் சட்டப்படி கூடாது என்றது அச்சட்டம். கைவினைஞர், எழுத்தர், கடைப் பணியாளர் போன்றோர் திறனுடையவர் வரிசையில் வைக்கப்பட்டனர். பின்னர் 1938இல் மலாயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் கூலி வேலைக்கு ஆள் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அங்கே நம்மவர் நடத்தப்பட்ட விதம் அதற்குக் காரணம். தடை ஒருவகைக் காப்புத்தான். ஆனால் காப்பு என்ற பெயரில் அரசு போவதைத் தடுத்ததேயன்றி, முன்னரே போய்விட்டவரின் நிலையை அதனால் மாற்ற இயலவில்லை.

விடுதலைக்குப் பின்

1962ஆம் ஆண்டில் பிரிட்டன், காமன்வெல்த் நாட்டினரின் வருகைக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது. வேலைக்கான அனுமதிச் சீட்டுகளை ஏ, பி, சி என மூன்றாகப் பகுத்தனர். குறிப்பிட்ட முதலாளி ஒருவர் அழைத்த வேலைக்கு ஏ, மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்று தகுதி உடையோருக்கு பி, மற்றவருக்கு சி. இவற்றுள் பி வகை நம் கருத்தைக் கவர்கிறது. அது முதலாளியின் அழைப்பை வைத்து வழங்கப்படவில்லை. கற்ற தகுதியை வைத்து, அம்மனிதரின் கையிலேயே தரப்பட்டது. வந்தவர் வேலையைத் தாமே தேடிக்கொள்ளலாம். அனுமதி என்பது முதலாளியின் உடைமையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது சான்று. சி வகையோ மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தப்பட்டது. திறன் என்ற முத்திரை இல்லாதவருக்குக் கதவு முதலில் மூடியது.

அதே 1960களில் கேரளத்து இளம்பெண்கள் பலர் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியாக மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்குச் செவிலியராகச் சென்றனர். அவர்களுடைய உழைப்பால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆயின் 1970களின் பிற்பகுதியில் செவிலியர் பற்றாக்குறை குறைந்ததும், சில மாநிலங்களில் அவர்களுடைய அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தனர். பல்லாண்டு நோயாளிகளைப் பேணியவர்கள் திடீரெனப் பெட்டியைக் கட்ட நேர்ந்தது. வேறு பலர் போராடியும் மணம்புரிந்தும் அங்கேயே வேரூன்றினர். அழைத்துச் சென்றவர்களில் நம் திருச்சபை நிறுவனங்களும் இருந்தமையால், இவ்வரலாற்றை நாம் வெளியிலிருந்து பார்ப்பவர் போல் எழுதிவிட முடியாது.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. தமிழக அரசு 1978இல் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தைத் தொடங்கியது. நாடாளுமன்றம் 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, ஆள்சேர்க்கும் முகவர் பதிவு பெற வேண்டும் என்று விதித்தது. நேட்டாலில் ஒலித்த அதே பெயருடன் 'குடிபெயர்வோர் காப்பாளர்' அலுவலகம் சென்னையிலும் இயங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின் அங்கே இசைவு பெற வேண்டும். முகவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் என்று உச்சவரம்பு உண்டு. செவிலியர் சேர்ப்பில் நடந்த பெரும் மோசடிகளை அடுத்து, 2015 முதல் அந்நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பொறுப்பு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த விதிகளில் ஒரு முரண் உண்டு. மண்ணின் நிறத்தையும் துளையிலிருந்து எழும் புழுதியையும் கண்டே எத்தனை அடியில் பாறை, எங்கே நீர் என்று சொல்லக்கூடிய ரிக் தொழிலாளி, பத்தாம் வகுப்பு தேறாவிடில் ஒரு வரிசையில் நிற்கிறார். வேலையே பழகாத புதுப் பட்டதாரி வேறு வரிசையில் நிற்கிறார். திறனை அளப்பது கையா, சான்றிதழா என்னும் வினாவுக்கு 1922இலும் சரி, இன்றும் சரி, சட்டம் சான்றிதழின் பக்கமே சாய்கிறது.

வளைகுடாவில் நிலவிய 'கஃபாலா' முறையோ வேறுபாடின்றிப் பலரையும் பிணைத்தது. ஒவ்வோர் அயலாருக்கும் ஓர் உள்நாட்டுப் பொறுப்பாளர். அவருடைய இசைவின்றி வேலை மாற முடியாது. சில நாடுகளில் நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. கடவுச்சீட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதும் சட்டத்திற்குப் புறம்பாகவே பரவலாக நடந்தது. மேசன், ஓட்டுநர், பொறியாளர் எவரும் இதற்கு முழு விலக்கல்லர். நீண்ட கண்டனங்களுக்குப் பின் கத்தார் அரசு 2020இல், பழைய முதலாளியின் இசைவுக் கடிதம் இல்லாமலே முன்னறிவிப்புத் தந்து வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில், ஓராண்டு முடித்தவர் மாறலாம் என்றது. ஆனால் வீட்டுப் பணியாளரும் தோட்டக்காரரும் ஆடு மேய்ப்போரும் அச்சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தேவை மிக உள்ளவருக்கு உரிமை கடைசியாக வருகிறது.

கணினிக் காலத்தின் கட்டு

தமிழகத்தில் 1984 முதல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்க வழி பிறந்தது. 1995இல் மல்லசமுத்திரத்தை ஒட்டியே மகேந்திரா பொறியியல் கல்லூரி தோன்றியது. பருத்தி மூட்டை வந்திறங்கிய சாலையில் மாணவர் பேருந்துகள் ஓடலாயின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் கணினி கற்றனர். அதே ஆண்டுகளில் அமெரிக்காவும் இவர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்னும் விசாவை ஆண்டுக்கு 65,000 என்ற வரம்புடன் உருவாக்கியது. ஆண்டு 2000 பிறக்கும்போது கணினிகள் தடுமாறும் என்ற அச்சம் எழவே, இந்தியப் பொறியாளருக்குத் தேவை பெருகியது. வரம்பு 1,15,000 ஆகவும், பின்னர் 2001 முதல் மூன்றாண்டுகளுக்கு 1,95,000 ஆகவும் உயர்ந்து, மீண்டும் 65,000க்கு இறங்கியது. அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றவருக்கு இருபதாயிரம் தனியே சேர்ந்தது.

இந்த விசா முதலாளியின் விண்ணப்பத்தின்மேல் வழங்கப்படுவது. தொடக்கத்தில், ஆட்களைக் கொண்டுசென்று பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவதைப்போல் விட்ட இடைத்தரகு நிறுவனங்கள் பல எழுந்தன. வேலை இல்லாத நாட்களில் பொறியாளரைச் சம்பளமின்றிக் காத்திருக்க வைத்தனர். பழைய கங்காணியை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டம், வேலை இல்லா நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, புதிய நிறுவனம் விண்ணப்பம் அளித்த உடனேயே தொழிலாளி அங்கே வேலையைத் தொடங்கலாம் என்றது. பாலசுந்தரத்திற்குக் கிடைத்த மாற்றம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் விதியாகவே எழுதப்பட்டது எனலாம்.

எனினும் கட்டு முற்றும் அவிழவில்லை. வேலை போனால், 2017 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, அறுபது நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். நிலையான குடியுரிமைச் சீட்டோ நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பில் சிக்கியுள்ளது. எனவே இந்தியர் பல்லாண்டுகள் வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசையில் தம் இடம் பறிபோகும் என்று அஞ்சி, மனக்கசப்பு இருந்தும் ஒரே நிறுவனத்தில் தங்கிவிடுவோர் பலர். 2025 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கான விண்ணப்பத்திற்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் விதித்து ஆணை பிறப்பித்தார். இவ்வளவு பெருந்தொகை கொடுத்து ஒருவரை அழைக்கும் முதலாளி அவரை எளிதில் போகவிடுவாரா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனிலும் இதே கதை. 2022இல் முதியோர் பராமரிப்புப் பணிக்குக் கதவைத் திறந்தனர். 2025 சூலையில் அயல்நாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை மூடினர். இடையில், அழைத்த நிறுவனம் உரிமத்தை இழந்தால், குற்றமேதும் செய்யாத பணியாளர்க்கும் பொதுவாக அறுபது நாள் கெடுவே கிடைத்தது.

முதலாளி தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெரும்பொருள் செலவிட்டு ஒருவரை வரவழைத்தவர், அவர் மறுமாதமே வேறிடம் சென்றால் இழப்புறுவார். உள்நாட்டுத் தொழிலாளரின் கூலி குறைந்துவிடாமல் காப்பதும் ஓர் அரசின் கடமையே. ஆனால் உள்நாட்டுக் கூலி எதனால் குறைகிறது? வேறிடம் போகமுடியாத ஒருவர் குறைந்த கூலிக்கும் இசைய வேண்டியிருப்பதால் அன்றோ! போகும் உரிமை உள்ளவர்தாம் உரிய கூலியைக் கேட்க முடியும். எனவே வந்தவரைக் கட்டிப்போடுவது இருந்தவரையும் காப்பதில்லை. முதலாளியின் செலவுக்கோ, நியாயமான முன்னறிவிப்புக் காலமே போதிய காப்பு.

மீண்டும் அதே திண்ணை

இவ்வளவையும் படித்தபின் மல்லசமுத்திரத்து நண்பரை மீண்டும் காணச் சென்றோம். அவருடைய மகன் போகவிருந்த நாட்டில் சட்டம் மாறியிருப்பதையும், உரிய முன்னறிவிப்புக் கொடுத்து வேலை மாறலாம் என்பதையும் சொன்னோம். முகவர் அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை என்பதை மகனுக்கு உணர்த்த வேண்டும் என்றும் கூறினோம். அவர் முகம் தெளிந்தது. "இப்பத்தானுங்க நிம்மதி" என்றார்.

உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டும் குடும்பத்தை நாம் அறிவோம். கணவனும் மனைவியும் ஆண்டுக்கணக்காக அங்கே உழைப்பவர்கள். முன்முறை வந்தபோது கேட்கத் தோன்றாத ஒன்றை அன்று கேட்டோம்: "உங்கள் தறிக்காரர் வேறு பட்டறைக்குப் போக விரும்பினால்?"

"அட்வான்சு வாங்கியிருக்கறாருங்களே. அதக் கட்டீட்டுத் தாராளமாப் போகட்டுமுங்க" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. ஊரில் எவரும் சொல்லும் விடையே அது.

நாமக்கல், ஈரோடு பகுதியின் விசைத்தறிகளில் முன்பணம் என்பது நெடுநாளைய வழக்கம். திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் வாங்கிய தொகை, வாரக் கூலியில் கழியாமல் ஏறிக்கொண்டே போகும். வேறு பட்டறைக்கு மாறினால் புதிய உரிமையாளர் பழையவருக்கு அத்தொகையைக் கொடுப்பார். கடன் தொழிலாளியின் பின்னே செல்லும். 1921இல் இலங்கையில் ஒழிந்த துண்டு, தாள் இல்லாமல் நம்மிடையே உயிரோடிருக்கிறது. கடனுக்காக ஒருவரின் உழைப்பைப் பிணைத்து வைப்பதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இன்று நம் மாவட்டத்துக்கு வேலைக்கு வருவோரும் பெரும்பாலும் தரகரிடம் முன்பணம் பெற்றே இரயில் ஏறுகிறார்கள். நம் முன்னோரைக் கங்காணி அழைத்துச் சென்ற வழி அதுவே.

நண்பரிடம் துண்டின் கதையைச் சொன்னோம். திருச்சியில் அலுவலகம் வைத்து நம் மாவட்டத்து மக்களைக் கொண்டுபோனதையும், அவர்களுடைய கடன் தோட்டத்திற்குத் தோட்டம் கைமாறியதையும் அவர் உன்னிப்பாகக் கேட்டார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நானும் மொதல்ல தறி ஓட்டுனவந்தானுங்க. எங்கப்பனோட அட்வான்ச நாந்தான் கட்டி முடிச்சேன்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மகனுக்காக அவர் கேட்ட கேள்வி நேர்மையானது. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அமெரிக்காவையும் அரபு நாட்டையும் நோக்கி நாம் அனைவரும் அதை உரக்கக் கேட்கவும் வேண்டும். ஆனால் அதே கேள்வியை நம் வீட்டுப் பணிப்பெண், நம் பட்டறைத் தொழிலாளி, நம் நிறுவனங்களில் சான்றிதழை ஒப்படைத்துவிட்டுப் பணிபுரியும் இளைஞர் ஆகியோர் நம்மிடம் கேட்டால், நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்? அவர்கள் வாய்திறந்து கேட்பதற்கு முன்னரே, நம் கணக்கேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.